வளை தெரிந்தவர்கள்

பாம்புத்தோல் வியாபாரம் நின்றபோது, நாற்பது வயதைத் தாண்டிய இருளர் பழங்குடியினருக்குப் பாம்பு பிடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. அவர்களுடைய அந்தக் கைப்பழக்கம்தான் இன்று நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருள் கொடுக்கிறது.

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில் பெருநகரை நெருங்கினால் இரண்டு பக்கமும் நெல்தான். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஏரியில் தண்ணீர் இருக்கும்வரை ஏதாவது ஒரு போகம் நின்றுகொண்டிருக்கும். நெல் விளையும் இடத்துக்கு எலி வரும், எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். வரப்பில் நடந்து பழகியவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அறுத்துப் போட்ட அரியைத் தூக்கும்போதும், ராத்திரி மும்முனை மின்சாரம் வந்ததென்று மோட்டார் போட ஓடும்போதும் கால் வைக்கும் இடத்தில் ஒரு கண் இருக்கும்.

அப்படியும் கடிபட்டுவிட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உத்திரமேரூர் அரசு மருத்துவமனையிலோ செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியிலோ ஒரு சிறு குப்பியை உடைப்பார்கள். உள்ளே வெள்ளைப் பொடி இருக்கும். அதை நீரில் கரைத்து நரம்பில் ஏற்றுவார்கள். ஒரு குப்பி போதாது, பத்துக் குப்பியில் ஆரம்பிப்பதும் உண்டு. பிழைத்து எழுந்தவர் டாக்டரைக் கும்பிடுவார், குலசாமிக்குப் பொங்கல் வைப்பார். இரண்டும் சரிதான். ஆனால் அந்தக் குப்பிக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார். இதே மாவட்டத்துப் புதரில் குனிந்து, வெறுங்கையால் பாம்பின் வாலைப் பிடித்து இழுத்த இருளர் அவர். வாழ்வின் பாதியில் தொழில் பறிபோய், எதிர்பாராத வேலை ஒன்றில் மறுபடி நிமிர்ந்த ஒரு சமூகத்தின் கதை அந்தக் குப்பிக்குள் இருக்கிறது.

நடுவயதைப் பற்றிப் பேச உத்திரமேரூரைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்று எனக்குத் தோன்றும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. குடவோலைத் தேர்தலுக்கு விதி வகுத்தவை. 919-இல் வெட்டிய முதல் கல்வெட்டு, வாரியத்துக்கு நிற்பவர் 30 வயதுக்கு மேல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டே ஆண்டில், 921-இல், அதைத் திருத்தி 35-லிருந்து 70 வரை என்று மாற்றிவிட்டார்கள். ஊர்க் காரியத்துக்கு ஆள் தேறுவதே முப்பத்தைந்துக்குப் பிறகுதான் என்று முடிவுகட்டிய ஊர் இது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுத்ததும் அந்த வயதுக்காரர்களிடம்தான்.

அதே கல்வெட்டு இன்னொரு நிபந்தனையும் போடுகிறது. வரி கட்டும் நிலம் கால் வேலியாவது வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். நிலமும் மனையும் இல்லாமல் ஊரின் ஓரத்தில் வாழ்ந்தவர்களின் பெயர் ஓலையில் ஏறும் வழியே இல்லை. ஆயிரத்து நூறு ஆண்டு கழித்தும் பட்டாவுக்காகவும் சாதிச் சான்றிதழுக்காகவும் தாலுகா அலுவலக வாசலில் நிற்கிற இருளர்களைப் பார்க்கும்போது, அந்தச் சுவரின் இந்த வரிகள்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன.

தோலுக்கு விழுந்த தடை

வட தமிழக மாவட்டங்களில் ஏரிக்கரை, சவுக்குத் தோப்பு, புறம்போக்கு என்று எங்கெல்லாம் மேடு இருக்கிறதோ அங்கெல்லாம் இருளர் குடிசைகளைப் பார்க்கலாம். வந்தவாசி, திண்டிவனம் பக்கம் வில்லியர் என்றும் சொல்வார்கள். அரசுப் பட்டியலில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளில் ஒன்று. காட்டை நம்பிப் பிழைத்தவர்கள் காடு சுருங்கச் சுருங்க வயல்வெளிக்கு வந்தார்கள். எலி பிடித்து, எலி வளையில் பதுக்கிய நெல்லைத் தோண்டி எடுத்து, மூலிகை பறித்து, தேன் எடுத்து வாழ்ந்தார்கள். இவை எல்லாவற்றோடும் பாம்பும் இருந்தது.

பாம்பில் காசு இருந்தது தோலில். சாரைப்பாம்பு, நல்லபாம்பு, மலைப்பாம்பு எதுவானாலும் பிடித்து உரித்துக் கொடுத்தால் தரகர் வாங்கிக்கொள்வார். சென்னைத் தோல் பதனிடும் ஆலைகள் வழியாக அது பெல்ட்டாகவும் கைப்பையாகவும் மாறுவதற்காக லட்சக்கணக்கில் வெளிநாடு போனது. தரகருக்கும் ஏற்றுமதியாளருக்கும் நல்ல லாபம். பிடித்தவருக்குக் கிடைத்தது அன்றைய அரிசி.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொடர்ந்து எழுபதுகளின் நடுவில் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை விழுந்தது. தேவையான தடை. அந்த வேகத்தில் உரித்துக்கொண்டே போயிருந்தால் வயலில் எலியைத் தின்னப் பாம்பே மிஞ்சியிருக்காது. ஆனால் சட்டம் போட்டவர்கள் யாரும், மறுநாள் காலையில் இருளர் எழுந்து எங்கே போவார் என்று கேட்கவில்லை. அப்பன் தொழிலை ஆறு வயதில் கற்று நாற்பது வயதுவரை வேறெதையும் அறியாதவர் ஒரே அரசாணையில் குற்றவாளி ஆகிவிட்டார். முந்தாநாள்வரை பிழைப்பாக இருந்தது நேற்றிலிருந்து வேட்டைக் குற்றம்.

அந்த வயதில் அவர்களுக்குத் திறந்திருந்த கதவுகள் எவை என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். செங்கல் சூளை, அரிசி ஆலை, சவுக்கு வெட்டு. கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு உள்ளே போனால், அந்தக் கணக்கு தீரவே தீராது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். அதற்கு எத்தனையோ ஆண்டு பிறகும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் சூளைகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்களை அதிகாரிகள் போய் மீட்டு வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

பிழைத்திருக்கும் பாம்புக்குக் காசு

இந்த இடத்தில்தான் ரோமுலஸ் விட்டேக்கர் வருகிறார். நியூயார்க்கில் பிறந்து, எட்டு வயதில் இந்தியாவுக்கு வந்தவர். 1969-இல் சென்னையில் பாம்புப் பண்ணையும், 1976-இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் முதலைப் பண்ணையும் தொடங்கியவர். பாம்பைப் பற்றிப் புத்தகத்தில் இல்லாத பாதியை இருளர்களோடு வயலில் நடந்து கற்றுக்கொண்டவர். இவர்களுக்கு வேறு தொழில் கற்றுத்தரலாம் என்று அவர் நினைக்கவில்லை. இவர்களுக்குத் தெரிந்ததற்கே வேறொரு பயனைத் தேடினார். விஷமுறிவு மருந்து தயாரிக்கப் பாம்பு விஷம் வேண்டும். விஷத்துக்குப் பாம்பு வேண்டும். பாம்பைச் சேதமில்லாமல் பிடிக்க இவர்களைவிட்டால் ஆள் கிடையாது.

1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவானது. கூட்டுறவு என்பது இங்கே முக்கியம். தரகர் இல்லை, முன்பணம் இல்லை. பிடிப்பவரே உறுப்பினர். ஆண்களைப் போலவே பெண்களும் உறுப்பினர்கள், பெண்களும் பிடிக்கிறார்கள். இன்று முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் உரிமம் பெற்ற உறுப்பினர்கள். எந்த இனத்தில் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று ஒவ்வோர் ஆண்டும் வனத்துறை வரம்பு போட்டு அனுமதி தரும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வயல்களும் ஏரிக்கரைகளும்தான் அவர்களுடைய களம்.

வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் இருக்கிற சங்கத்தின் கூடத்துக்கு யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். நடுவில் மணல் பரப்பிய பள்ளம். ஓரத்தில் வரிசையாக மண்பானைகள், வாயைத் துணியால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். சங்கத்துக்காரர் ஒருவர் உள்ளே இறங்கி ஒரு பானையின் கட்டை அவிழ்ப்பார். நல்லபாம்பு என்றால் வெளியே வந்ததும் படம் எடுக்கும். சத்தமில்லை, அவசரமில்லை. நுனி வளைந்த கம்பியால் உடலைத் தாங்கி, வாலைப் பிடித்துத் தூக்கி, தலையைத் தாழ்த்தி, கழுத்தைப் பிடிப்பார். வாயை மெல்லிய உறை கட்டிய கண்ணாடிக் குடுவையின் விளிம்பில் வைத்ததும் பாம்பு கடிக்கும். பல் உறையைத் துளைக்கும், உள்ளே இரண்டு மூன்று துளி மஞ்சளாகச் சொட்டும். அவ்வளவுதான் விஷம். சுருட்டைவிரியனிடம் அதுகூட இருக்காது, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு ஈரம்.

எல்லாப் பாம்பிலும் எடுப்பதில்லை. மனிதர்களை அதிகம் சாகடிக்கிற நான்கில் மட்டுமே எடுக்கிறார்கள்: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். பிடித்துவந்த பாம்பை மூன்று நான்கு வாரம் வைத்திருந்து, அதற்குள் நான்கு முறை விஷம் எடுத்து, மறுபடி வெளியில் விட்டுவிடுகிறார்கள். விடுவதற்கு முன் வயிற்றுச் செதிலில் சின்னதாக ஓர் அடையாளம் வெட்டுவார்கள். அடுத்தமுறை வேறொருவர் கையில் அதே பாம்பு சிக்கினால், அடையாளத்தைப் பார்த்ததும் விட்டுவிடுவார். செதில் வளர்ந்து அடையாளம் மறையும்வரை அதற்கு ஓய்வு.

இந்த ஓர் அடையாளத்தில் எவ்வளவு மாறியிருக்கிறது பாருங்கள். தோல் காலத்தில் பாம்பு செத்தால்தான் காசு. இப்போது அது காயமில்லாமல் பிழைத்திருந்தால்தான் காசு. தோண்டும்போது கடப்பாரை பட்டுப் பாம்பு அடிபட்டால் சங்கம் வாங்காது. அதே கண், அதே கை, அதே வளை. ஆனால் அந்தக் கை செய்யும் காரியம் நேர் எதிராகிவிட்டது. நாற்பது வயதில் ஒருவர் தன் தொழிலை மாற்றிக்கொள்வது கடினம் என்கிறோம். தொழிலை மாற்றாமல் அதன் அர்த்தத்தை மாற்றிக்கொண்டவர்கள் இவர்கள்.

குடுவையில் விழுந்த விஷத்தை உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்குவார்கள். மருந்து நிறுவனங்கள் அதை வாங்கி, குதிரைகளுக்கு மிகச் சிறிய அளவில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும். குதிரையின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்தால் மருந்து. இந்தியாவில் ஒரே மருந்து நான்கு பாம்புக்கும் வேலை செய்யும்படி தயாரிக்கிறார்கள். 10 மில்லி குப்பி ஒன்று 6 மில்லிகிராம் நல்லபாம்பு விஷத்தையும் 6 மில்லிகிராம் கண்ணாடிவிரியன் விஷத்தையும் முறிக்க வேண்டும், மற்ற இரண்டிலும் 4.5 மில்லிகிராம். அந்த விஷப் பொடிக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கேட்பு வந்தபோது, பெரும்பகுதியைக் கொடுத்தது இந்த ஒரு சங்கம்தான்.

இந்தியாவில் 2000-லிருந்து 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள், வீட்டிலோ வயலிலோ கடிபட்டவர்கள். உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்ப் பட்டியலில் சேர்க்கவே 2017 ஆகிவிட்டது. ஒவ்வொரு கடியையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தமிழ்நாடு ஆணையிட்டது 2024 நவம்பரில். இவ்வளவு தாமதமாகக் கவனித்த ஒரு மரணத்துக்கு எதிராக, நாற்பது ஆண்டுக்கு மேலாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மனிதர்கள்.

எவர்கிளேட்ஸ் சதுப்பில் இருவர்

வடிவேல் கோபாலும் மாசி சடையனும் சங்கத்தின் மூத்த கைகள். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்துக்கு அவர்களுக்கு அழைப்பு வந்தபோது இருவருக்கும் ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஊரில் அந்த வயதில் பேரன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு திண்ணையில் உட்காரச் சொல்வார்கள்.

ஃப்ளோரிடாவின் பிரச்சினை பர்மிய மலைப்பாம்பு. வீட்டில் வளர்க்க வாங்கியவர்கள் வளர்ந்ததும் கொண்டுபோய் விட்டதும், தப்பி ஓடியதுமாக எவர்கிளேட்ஸ் சதுப்பு முழுக்கப் பெருகிவிட்டது. அங்குள்ள விலங்குகளை அது தின்று தீர்த்த கணக்கு 2012-இல் ஓர் ஆய்வாக வந்தது. ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. பிடிக்கலாம் என்றால் கண்ணில் படாது. பத்தடிப் பாம்பு காலடியில் கிடந்தாலும் புல்லோடு புல்லாகத் தெரியாமல் போகும். 2016-இல் அரசு ஒரு போட்டியே நடத்தியது. ஆயிரம் பேருக்கு மேல் வந்து ஒரு மாதம் தேடியதில் கிடைத்தவை 106.

விட்டேக்கரின் தொடர்பிலும் ஃப்ளோரிடா பல்கலைக்கழக விஞ்ஞானி ஃபிராங்க் மஸோட்டியின் முயற்சியிலும் இரண்டு இருளரும் இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் போனார்கள். வேறு மண், வேறு புல், பேச்சுப் புரியாது. மலைப்பாம்பு அவர்களுடைய அன்றாடப் பாம்பும் கிடையாது. ஆனால் பாம்பு எங்கேயும் பாம்புதான். எச்சம் போடும், சட்டை உரிக்கும், வெயிலுக்கு ஒரு பக்கம் ஒதுங்கும், போன வழியில் புல்லை ஒருபக்கமாகச் சாய்த்துவிட்டுப் போகும். அங்குள்ள வேட்டைக்காரர்கள் ராத்திரியில் காரில் சாலையோரமாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். இவர்கள் இரும்புக் கம்பியால் புதரை விலக்கிக்கொண்டு உள்ளே நடந்தார்கள்.

இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள். கீ லார்கோ என்ற தீவில் மட்டும் நான்கு, அதில் ஒரு பெண் பாம்பு 16 அடி நீளம். இரண்டு பேர், இரண்டு வாரம் என்ற கணக்கை ஆயிரம் பேர், ஒரு மாதம் என்ற கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மோப்ப நாய்களையும் கருவிகளையும் பயன்படுத்திப் பார்த்திருந்த ஆய்வாளர்கள், இவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று கற்றுக்கொள்ள இவர்கள் பின்னால் நடந்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. விட்டேக்கருக்கு அது கிடைத்து ஐந்தாண்டு ஆகியிருந்தது. ஆசிரியர்களுக்கு விருது பின்னால் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு அந்தப் பதக்கத்தைவிட முக்கியமாகப் படுவது, ஐம்பது வயதில் ஒரு மனிதருக்குத் தன் அறிவு தன் ஊரைவிடப் பெரியது என்று தெரியவந்த அந்த ஜனவரி. காலம் முழுக்கப் பாம்பு பிடிக்கிறவன் என்று ஒருமையில் கூப்பிட்டே பழகிய ஊரில் வாழ்ந்தவருக்கு, அது சாதாரண விஷயமில்லை.

நடுவயதில் புதுப்பாதை என்று வாரப் பத்திரிகைகளில் நாம் கொண்டாடும் கதைகளில் ஒரு வசதி ஒளிந்திருக்கும். வங்கி வேலையை விட்டு இயற்கை விவசாயத்துக்கு வந்தவர், மென்பொருள் வேலையை உதறிவிட்டு மரம் நடுபவர். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் விட்டுவிட்டு வந்தவர்கள், கையில் சேமிப்போடு வந்தவர்கள். இருளரிடமிருந்து தொழில் பறிக்கப்பட்டது. அவர்கள் மறுபடி எழுந்ததற்கு மன உறுதி மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். அவர்களுக்குத் தெரிந்ததன் மதிப்பை அறிந்த ஒருவர் வேண்டியிருந்தது. தரகரை வெளியே நிறுத்திய ஒரு சங்கம் வேண்டியிருந்தது. தடை போட்ட அரசே, ஒரு வரம்போடு அனுமதியும் தர வேண்டியிருந்தது. வாங்குவதற்கு மருந்து நிறுவனங்கள் வேண்டியிருந்தன. இந்த நான்கும் ஒரே இடத்தில் கூடியதால் முந்நூறு குடும்பத்துக்கு வழி பிறந்தது. கூடாத இடங்களில் என்ன ஆனது என்பதையும் இதே மாவட்டம் காட்டுகிறது.

செங்கல்பட்டு அருகே தண்டரையில் இருளர் பெண்கள் எண்பதுகளில் தொடங்கிய சங்கம் இன்னொரு வழி. மூலிகை அறிந்த பெண்கள் நாற்றங்கால் வைத்தார்கள், மருந்து செய்து விற்றார்கள். மாமியாரிடமும் அம்மாவிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்து வெளியூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு வந்தார்கள். இதிலும் புதிதாக ஒன்றும் கற்கவில்லை. கேட்பதற்கு ஆள் வந்தது, அவ்வளவே.

பெருநகர் பக்கத்து வளைகள்

தைப்பூசத்தின்போது பெருநகர் செய்யாற்றுக்குச் சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் பல்லக்கில் வந்து கூடும். அந்தக் கூட்டம் கலைந்த அடுத்த மாதம் மாசிமகம். அப்போது இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரைக்குக் கிளம்புவார்கள். மணலில் சேலையைக் கட்டி மறைத்துக் குடில் போட்டு, கன்னியம்மனைக் கும்பிட்டு, பெண் பார்த்து, கல்யாணம் முடித்து, ஊருக்குத் திரும்புவார்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், திருவண்ணாமலை எங்கிருந்தும் வருவார்கள். கடற்கரையிலிருந்து சிறிது தூரத்தில்தான் வடநெம்மேலியின் பானைகள் இருக்கின்றன. அங்கே உறுப்பினராக இருப்பவரும், செங்கல் சூளையிலிருந்து லீவு கேட்டு வந்தவரும் அந்த மணலில் அடுத்தடுத்த குடிலில் படுத்திருப்பார்கள். இருவருக்கும் ஒரே பாட்டன் சொல்லிக்கொடுத்ததுதான் தெரியும்.

உத்திரமேரூர் வட்டத்தில் இருளர்களுக்கு அரசு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறது. மலையாங்குளத்தில் புதுத் தெருவே உருவாகியிருக்கிறது. ஓலைக் குடிசையில் மழைக்கு நனைந்தவர்களுக்குக் கான்கிரீட் கூரை பெரிய விஷயம், சந்தேகமில்லை. அடுத்து அவர்கள் கேட்பது வேலை. ஆலையும் சூளையும் இல்லாத ஒரு வேலை.

அதற்கு இடம் இருக்கிறது. இப்போதைய மருந்தில் ஒரு குறை இருக்கிறது. ஒரே இனப் பாம்பானாலும் அதன் விஷம் ஊருக்கு ஊர் மாறும். தமிழ்நாட்டு விஷத்தை வைத்துத் தயாரித்த மருந்து ராஜஸ்தானிலோ வங்காளத்திலோ அதே வேகத்தில் வேலை செய்வதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விட்டேக்கரும் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். பாம்புக்கடி மரணத்தை 2030-க்குள் பாதியாக்குவோம் என்று 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு செயல்திட்டம் வெளியிட்டது. அது நடக்க வேண்டுமானால் மாநிலத்துக்கு மாநிலம் விஷம் சேகரிக்கும் நிலையங்கள் வேண்டும். அங்கே உள்ளூர் ஆட்களுக்குப் பாம்பைச் சேதமில்லாமல் பிடிக்கவும் வைத்துக் காக்கவும் திருப்பி விடவும் கற்றுத்தர ஆசிரியர்கள் வேண்டும். எவர்கிளேட்ஸுக்கு ஆள் அனுப்ப முடிந்த நாட்டுக்கு ஜெய்ப்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் அனுப்ப முடியாதா?

வனத்துறையின் ஆண்டு அனுமதி தாமதமாக வந்தால், பாம்பு கிடைக்கும் மாதங்கள் வீணாகின்றன. புதிய உரிமங்கள் மெதுவாகவே வருகின்றன. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள், போகவும் வேண்டும். ஆகவே இன்று நாற்பதிலும் ஐம்பதிலும் இருக்கிற, வளையின் வாயைப் பார்த்தே உள்ளே இருப்பது எலியா பாம்பா என்று சொல்கிற தலைமுறைதான் ஆசிரியராக இருக்கக்கூடிய கடைசித் தலைமுறையாகவும் இருக்கலாம். அவர்களில் பலர் இந்தப் பருவத்துச் செங்கல் அறுப்புக்குக் கார்த்திகையிலேயே முன்பணம் வாங்கிவிட்டார்கள்.